திட்டுகிற புத்தகம்

கொருக்குப்பேட்டை
பொங்கல் கழிந்த வாரம், 2007

அன்பு மகள் எழில்மொழிக்கு அப்பா சின்னப்பையன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் அவ்வளவு நலம் இல்லை, நீ அந்த டெல்லிக் குளிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டாவது நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நீ சிரித்தாலும் சரி, தலையில் அடித்துக்கொண்டாலும் சரி. எதைச் செய்யவே கூடாது என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாயோ அதைத்தான் நான் முதல் வேலையாகச் செய்தேன். உன் இரண்டு புத்தகத்தையும் பால்வாடியில் பாய் மேல் வைக்கும்போது, உன் அம்மா குரல் இருக்கிற புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து வைத்துவிட்டேன். நமக்கு எதுவும் தெரியாது என்கிற மாதிரி மூலையில் போய் உட்கார்ந்தேன். செங்கொடி டீச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். மூன்று வயசுப் பிள்ளைகளுக்கு லஞ்சம் கொடுத்து ஆராய்ச்சி செய்த முதல் ஆள் உன் அப்பனாகத்தான் இருக்கும், எங்கேயாவது என் பேரைப் போட இடம் இருந்தால் போட்டுவை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் பேசுவாய், அப்புறம் அழுவாய், நான் சரியாகக் கேட்கவில்லை என்று பொய் சொல்லி வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் மூன்றாங்கிளாஸோடு நின்ற கையை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று முதலில் பார்த்துக்கொள். நீ செய்த புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு அட்டைக் கதவு, திறந்தால் உள்ளே ஆடோ மாடோ கழுதையோ இருக்கும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான், அமுக்கினால் ஒரு குரல் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லும். முந்தின வருஷம் லீவுக்கு வந்தபோது நம் அடுப்பங்கரையில் வைத்து அந்தக் குரலை உன் அம்மாவிடம் மிஷினில் பிடித்தாய். “இன்னா நைனா, கதவ தொறக்க இம்மா நேரமா” என்றும், “யார்ரா அது உள்ள குந்திகினு, வெளிய வா” என்றும் அவள் சொன்னது அப்படியே இருக்கிறது, பின்னால் கூட்ஸ் பெட்டிகள் இடித்துக்கொள்கிற சத்தம்கூட விழுந்திருக்கிறது. போன ஆடியில் அவள் போய்விட்டாள். இப்போது புத்தகத்தை அச்சுப்போட ஒரு கம்பெனி வந்திருக்கிறது, ஆனால் அவர்கள் இந்தப் பேச்சு கொச்சையாக இருக்கிறது, பள்ளிக்கூடங்கள் வாங்காது என்று சொல்லி, ரேடியோவில் பேசுகிற ஒரு அம்மாவைப் பேசவைத்து இன்னொரு புத்தகம் செய்துவிட்டார்கள். நீயோ, “என் அம்மா குரல் இல்லை என்றால் புத்தகமே இல்லை” என்று நிற்கிறாய். பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுப்பா, அம்மாவுடையதை எடுத்தால் அதையே காட்டிச் சண்டை போடுவேன், என் ஆராய்ச்சியிலும் எழுதுவேன் என்று சொல்லி இரண்டையும் எனக்கு அனுப்பினாய். இவ்வளவுதானே? சரி, இனிமேல் நடந்ததைக் கேள்.

பிள்ளைகள் ஓடிவந்தார்கள், பிஸ்கட்டைத்தான் முதலில் எடுத்தார்கள். ஒன்று கிரீமை மட்டும் நக்கிவிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தது, நானும் தின்றேன். அப்புறம் கிரீம் கையோடு பொத்தானை அமுக்கினார்கள், உன் அம்மா பேசினாள். அந்தக் கூடத்தில்தான் அவள் இத்தனை வருஷம் ஆயாவாக இருந்து சோறு போட்டாள், எத்தனை மூக்கைத் துடைத்தாள், அந்தச் சுவருக்கே அவள் குரல் தெரியும். யாராவது ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்த்து ஆயா என்று சொல்லும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை மொழி. அவள் கையால் சாப்பிட்டதில் பெரியது எல்லாம் ஒண்ணாங்கிளாஸுக்குப் போய்விட்டது, மிச்சம் இருப்பதற்கு மறந்துவிட்டது, அந்த வயசில் ஒரு மழைக்காலம் போனால் எல்லாம் போயிற்று. இது தெரிந்துதான் போனேன், இருந்தாலும் எதிர்பார்த்தேன். ஆனால் சமையலறையில் இருந்து செங்கொடி டீச்சர், ஆயா வேலைக்கு இன்னும் ஆள் போடாததால் அவரே சமைக்கிறார், அந்தக் குரலைக் கேட்டதும் “தோ வர்றேன்க்கா” என்று பதில் சொல்லிக்கொண்டே கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். வந்து நின்று என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பிறகு சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே சாம்பார் தீய்ந்துபோயிற்று. அன்றைக்குப் பிள்ளைகள் தீய்ந்த சாம்பார்தான் சாப்பிட்டார்கள், அதையும் உன் ஆராய்ச்சியில் எழுதிக்கொள்.

இந்த நேரத்தில் பிள்ளைகள் எல்லாம் ரேடியோ அம்மா புத்தகத்துக்குப் போய்விட்டார்கள். அதில் அந்த அம்மா “குழந்தைகளே, கதவைத் திறந்து பாருங்கள்” என்று இழுத்துச் சொன்னதும் ஒரு சேவல் கூவுகிறது, ஆடு கத்துகிறது. அவர்களும் சேர்ந்து கூவினார்கள், மறுபடி மறுபடி அதையே அமுக்கினார்கள், ஒருத்தன் சேவலோடு போட்டி போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டான். கேள்வி கேட்கக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய், அதையும் மீறிவிட்டேன். ஒரு குட்டிப் பெண்ணைக் கூப்பிட்டு அம்மா புத்தகத்தைக் காட்டி, “இன்னாம்மே, இது வாணாவா உனுக்கு” என்று கேட்டேன். அது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வாணாம், அது திட்டுது” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டது. மறுநாள் பிஸ்கட் இல்லாமல், வாயையும் மூடிக்கொண்டு, நீ சொன்னபடியே ஒழுங்காகச் செய்து பார்த்தேன். அதே கதைதான்.

உனக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மூலைக்கடையில் தைக்கிற நம் கலீலுல்லாவிடம் போய் உட்கார்ந்து டீ குடித்தேன். பிள்ளைகள் எல்லாம் அம்மா புத்தகத்தைத்தான் எடுத்ததுங்க என்று எழுதிவிடுகிறேனே, யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். அவன் மிஷினை நிறுத்திவிட்டு, “இன்னா மாமு, உன் பொண்ணு அத நம்பி நாலு படிச்சவங்க முன்னால நின்னுகினு பேசும். அளவெடுக்கச் சொல்லோ பாசத்துல டேப்ப லூசா புடிச்சேன், என் மச்சான் கல்யாண சட்ட இன்னும் அவன் பொட்டியிலதான் கீது, போட முடியல” என்றான். அவனைக் கிண்டல் பண்ணத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. பாவம், அவன் தைத்துக்கொண்டிருந்த யாருடைய ஜாக்கெட் துணியையோ எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டான். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன் கண்ணு, பிள்ளைகள் உன் அம்மாவை எடுக்கவில்லை.

ஆனால் அந்தக் குட்டி சொன்னதை விடாமல் யோசித்துக்கொண்டே இருந்தேன். உன் அம்மா திட்டுவாள், அது உண்மைதான், என்னையே வாசலில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறாள். ஆனால் அவள் திட்டும்போது கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். உரித்த முட்டை இருக்கும், இல்லையென்றால் துண்டு இருக்கும், முகத்தைத் துடைத்துக்கொண்டே திட்டுவாள். திட்டும் முட்டையும் ஒன்றாகவே வந்து சேரும், அதனால்தான் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வாயைத் திறந்தார்கள். புத்தகத்தில் திட்டு மட்டும் வருகிறது. நீ பெரிய படிப்பு படித்தவள், எதை வேண்டுமானாலும் செய்வாய், பொத்தானை அமுக்கினால் முட்டை வருகிற மாதிரி செய்ய முடியாது. நமக்குக் கேட்கும்போது மிச்சம் எல்லாம் கூடவே வந்துவிடுகிறது. கழுதை வருகிற பக்கத்தின் கடைசியில் லேசாகச் சிரிக்கிறாளே, அது நான் நிலைப்படியில் நின்று கழுதை மாதிரி காதில் கையை வைத்து ஆட்டிக் காட்டியதற்குச் சிரித்தது. நீ மிஷினைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தாய், கவனிக்கவில்லை. இதை எந்தப் பிள்ளைக்கு நீ எப்படிப் புரியவைப்பாய், பிள்ளைக்கு அது எதற்கு?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அந்தக் கம்பெனியோடு சண்டை போடுவதாக நினைக்கிறாய். அம்மா போன அன்றைக்கு நீ வந்து சேரும் வரைக்கும் அவளை ஐஸ் பெட்டியில் வைத்திருக்க முடியவில்லை, கரண்ட் போய்ப் போய் வந்தது, இனி தாங்காது எடுத்துவிடலாம் என்று சொன்னது நான்தான். நீ சென்ட்ரலில் இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. அது ரயில் லேட்டானதால் வந்தது, என் வாயால் வந்தது, உன்னால் வந்தது இல்லை. அன்றைக்கு நீ என்னைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை, அம்மா புடவையை மடித்து வைத்துக்கொண்டே இருந்தாய். இப்போது அவளை எங்கேயாவது நிறுத்திவைத்துவிடப் பார்க்கிறாய். எனக்கும் ஆசைதான், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவளை அமுக்கி அமுக்கிக் கேட்கட்டும் என்று. ஆனால் அந்தப் புத்தகத்தை நீ பிள்ளைகளுக்காகத்தான் ஆரம்பித்தாய், அதை விட்டுவிடாதே. கம்பெனிக்காரர்கள் கொடுத்த காகிதத்தில் மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுவிடு. ரேடியோ அம்மாவே பேசட்டும்.

அதற்காக அவர்கள் சொன்ன காரணத்தை ஒத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பால்வாடியில் ஒரு பிள்ளைகூடப் பேச்சுக்காக அம்மா புத்தகத்தைத் தள்ளவில்லை, இதை நான் கண்ணால் பார்த்தேன், தைரியமாக எழுது. ரேடியோ அம்மா புத்தகத்தைத் திறந்துகொண்டே அதுங்க “உள்ள இன்னாமே கீது” என்றுதான் பேசிக்கொண்டது, பாருங்கள் வாருங்கள் என்று ஒன்றும் பேசவில்லை. அதனால் அந்த அம்மா உன் அம்மா சொன்ன வார்த்தையையே சொல்லட்டும் என்று கேள், சேவலும் இருக்கட்டும். கொச்சை என்று மறுபடி சொன்னால் அந்தக் கம்பெனிக்காரரை ஒரு வாரம் இங்கே அனுப்பிவை, செங்கொடி டீச்சர் நன்றாகத் திட்டிக் கொடுப்பார், காதுக்குப் பழகிவிடும். வார்த்தையை ஊருக்குக் கொடுத்துவிடலாம், குரலை நாம் வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தோன்றியது இது, முடிவு உன்னுடையது.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு நானே பொங்கல் வைத்தேன், வெல்லம் போடும்போதுதான் முந்திரி வாங்காதது ஞாபகம் வந்தது, எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன், கிண்ணம் சீக்கிரமே திரும்பி வந்தது, காலியாகவா என்று கேட்காதே. நான் மூட்டை தூக்குகிற கூட்ஸ் ஷெட்டில் இப்போது சிமெண்ட் லோடு அதிகம், மூட்டையைவிடத் தூசிதான் கனமாக இருக்கிறது. சரியாகச் சாப்பிடுகிறேன், நீதான் சாப்பிடுவதில்லை என்று உன் குரலிலேயே தெரிகிறது. ஈரத்தலையோடு வெளியே போகாதே, ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துப் பூஜை பண்ணாதே. நீ கேட்டபடி இரண்டு புத்தகத்தையும் பார்சலில் அனுப்புகிறேன், இரண்டிலும் ஒவ்வொன்றுதான் இருக்கிறது என்றாய், ஜாக்கிரதையாகத் துணி சுற்றியிருக்கிறேன். கிரீம் கறை துடைத்தும் போகவில்லை. உன் வேலை எல்லாம் முடிந்த பிறகு அம்மா புத்தகத்தை மட்டும் மறக்காமல் எனக்கே திருப்பி அனுப்பிவிடு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் லேட்டாக வந்ததற்கு யாராவது கேட்க வேண்டும் அல்லவா.

நீ நன்றாக இரு மொழி. உன் கை செய்த கதவை எங்கெங்கேயோ இருக்கிற பிள்ளைகள் எல்லாம் திறந்து பார்த்துச் சிரிக்கட்டும், உன் வயிறு எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு
உன் கழுதை அப்பா
சின்னப்பையன்

பி.கு: ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலாபீசில் பார்சலை வாங்கினவர் அதன் மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினார். உள்ளே இருந்து உன் அம்மா “யார்ரா அது” என்று கேட்டாள். அவர் எழுந்து நின்றார். வரிசையில் இருந்தவர்கள் வெளியே போனார்கள். நான் பிரித்துக் காட்டினேன். பேசுகிற பார்சலை எடுக்க முடியாது, பேட்டரியைக் கழற்றினால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கழற்றினேன். மறுபடி கட்டிக் கொடுத்தேன், மறுபடி குத்தினார், சத்தம் வரவில்லை, எடுத்துக்கொண்டார். பேட்டரியைச் சட்டைப் பையில் போட்டு வந்தேன், பையில் ஓட்டை இருந்திருக்கிறது. நீ அங்கே புதுசு வாங்கிப் போட்டுக்கொள்.