வட்டத்தின் கடைசிக் கால்பங்கு

ஒரகடம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கவிப்பிரியா,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க சிங்கப்பெருமாள் துணை. படித்த ஃப்ளையிங் ஸ்கூலிலேயே நீ இன்ஸ்ட்ரக்டராகப் போகிறாய் என்றதும் மணிமங்கலம் சித்தப்பா தெருவுக்கே லட்டு கொடுத்துவிட்டார். நான் மட்டும் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன், உனக்குக் கோபம் என்று தெரியும். பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

எங்கள் கம்பெனியில் ட்ரெய்னிங் என் பொறுப்பு. தகடு அழுத்தும் ப்ரெஸ் லைன் சுவரில் ஒரு போர்டு, ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒரு வட்டம். புதிதாகக் கற்பவருக்குக் கால்பங்கு கறுப்பு, கூட ஆள் நின்றால் செய்பவருக்கு அரை, தனியாகச் செய்பவருக்கு முக்கால், முழு வட்டம் என்றால் அடுத்தவருக்குக் கற்றுத்தரலாம். லைனுக்கு ஒருவராவது முழு வட்டம் இருந்தாக வேண்டும், போன மாதம் ஆடிட் வந்தபோது ஒருத்தருக்கும் இல்லை. சூப்பர்வைசர் புருஷோத்தமன், "இன்னா மேடம், வட்டம்தானே, பேனாவ எடுத்து ரொப்புங்க, ஆடிட் போனதும் பாத்துக்கலாம்" என்றார். மாரிசெல்விக்கு நிரப்பினேன். திருநெல்வேலிப் பெண், மெஷினுக்கு வந்து ஐந்து வாரம்தான். "எக்கா, எனக்கே இன்னும் கை பழகலியே, நான் என்னத்தச் சொல்லிக்குடுக்க" என்றாள். உனக்கென்னம்மா, கெட்டிக்காரி என்று நான்தான் தட்டிக்கொடுத்தேன். அவளிடம் விட்ட புதுப்பெண் அறிவுமதி, வாலாஜாபாத், உன்னைவிட இரண்டு வயது சின்னவள். எட்டாம் நாள் தகடு உள்ளே சிக்கிக்கொண்டது. மாரிசெல்வியின் ஐந்து வாரத்தில் ஒரு தரம்கூடச் சிக்கியதில்லை. பட்டனை அணைத்தால் போதாது, மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுத்தான் கை விட வேண்டும் என்பது அவளுக்கே தெரியாது, பிறகு எப்படிச் சொல்லித்தருவாள். அறிவுமதிக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மாரிசெல்வி ஊருக்குப் போய்விட்டாள், போனை எடுப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் அறிவுமதியின் அம்மா என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அறிவுமதிதான், "மாரிசெல்வி அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க மேடம், நல்லாத்தான் சொல்லிக்குடுத்தாங்க" என்றாள். நாளைக்கு விசாரணை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று டைப் செய்து வைத்திருக்கிறார்கள், என் கையெழுத்து வேண்டுமாம். போடமாட்டேன். வட்டத்தை நிரப்பியது நான் என்று எழுதித் தரப்போகிறேன். வேலை போகலாம், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கண்ணு, பறக்கும்போது எஞ்சின் எப்போதாவது மக்கர் செய்திருக்கிறதா என்று போன வாரம் கேட்டேன். "ஒரு தடவகூட இல்லம்மா, நான் லக்கி" என்று சிரித்தாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இருநூற்றுப் பதினைந்து மணி நேரம், சட்டப்படி போதும் என்கிறாய், இருக்கலாம், என் போர்டிலும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பயந்துபோய் ஏதாவது தப்பாக இழுத்துவிட்டால் அதைச் சரிசெய்ய உனக்கு எத்தனை நொடி இருக்கும், அப்படி ஒன்றை நீ பார்த்திருக்கிறாயா? இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுபவம் பழுத்த இன்ஸ்ட்ரக்டர் ஒருவரோடு இன்னும் கொஞ்ச காலம் பறந்துவிட்டுச் சேர். ஆள் இல்லை, நீதான் கெட்டிக்காரி என்று யாராவது தட்டிக்கொடுத்தால் மட்டும் பயப்படு.

வேளைக்குச் சாப்பிடு, அங்கே குளிர் என்றாய், காதை மூடிக்கொள். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன்னை நம்பி ஏறுகிற பிள்ளைகளும் இருக்க வேண்டும். முதல் தேதி அந்த வேலைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்குப் பதில் எழுது. எத்தனை மணி நேரம் பறந்தாய் என்று எழுதாதே, என்னென்ன தப்பாகிப் பார்த்திருக்கிறாய் என்று எழுது.

உன் அம்மா,
சசிரேகா