மலை என்று சொல்லாத வாய்

என் தங்க ஆத்தாவுக்கு,

நீ உயிரோடு இருந்திருந்தால் நேற்று என்னை அடித்திருப்பாய். அதனால் உனக்கேதான் முதலில் சொல்ல வேண்டும்.

உன் பேத்தி வள்ளியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். உன் தங்கச்சி, சின்னாத்தாவும் கூட வந்தாள். தலைமையாசிரியர் குனிந்து, "பாப்பா, அப்பா பேரு என்ன?" என்று கேட்டார். வள்ளி என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னாத்தாவுக்கு ஒரே பெருமை. "பாத்தீகளா, எம்புட்டு அடக்கமான புள்ள!" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது பெண்டாட்டிக்குத்தானே? மகளுக்கு எங்கிருந்து வந்தது? அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே.

மதுரையில் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்தபோது மனோதத்துவம் ஒரு பாடம். மானிடவியல் படித்த ஒருவரும் வந்து பேசினார். ஒரு சனத்துக்கு என்னென்ன வழக்கம் என்று மானிடவியல்காரர் பார்ப்பாராம். அந்த வழக்கம் குழந்தைக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று மனோதத்துவக்காரர் பார்ப்பாராம். இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு பிள்ளை எப்படி அந்த ஊர்ப் பிள்ளையாகிறது என்று விளங்கும் என்றார். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். விளங்கியது என்னவோ நேற்றுத்தான். வாசலில் யாராவது வீட்டுக்காரர் பேரைக் கேட்டால் நான் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காளைச் சொல்லச் சொல்வேன். இடுப்பில் இருந்த பிள்ளை அந்தப் பதற்றத்தைத்தான் கற்றிருக்கிறது. யாருக்குத் தடை, யாருக்கு இல்லை என்கிற விவரம் அதற்கு எதற்கு?

நீ எனக்குக் கொடுத்ததும் இப்படித்தானே ஆத்தா? என்னைப் பெற்ற அய்யா பேர் மலைச்சாமி. அதனால் மலை என்ற சொல்லே உன் வாயில் வராது. போடியில் நிமிர்ந்து பார்த்தால் மலைதான். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்களை நீ "மேக்க போறாக" என்பாய். நீ பிறந்த ஊர் சிலமலை, அதையும் சொல்ல மாட்டாய். பஸ்சில் "ராசிங்காபுரத்துப் பக்கம்" என்று டிக்கெட் கேட்டாய். கண்டக்டர் நம்மை ராசிங்காபுரத்திலேயே இறக்கிவிட்டார். உன் ஊருக்கு வெயிலில் நடந்தோமே, நினைவிருக்கிறதா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் ஊர்ப் பேரைச் சொல்லவில்லை. எனக்கு என்ன தடை?

அவ்வளவு காத்தாயே, அய்யா தங்கினாரா? தலை நரைக்கும் முன்பே போய்விட்டார். அதற்குப் பிறகும் நீ சொல்லவில்லை. யார் ஆயுளுக்கு ஆத்தா பயந்தாய்? வெள்ளைக்காரனே போய்விட்டான், இந்தப் பயம் போகவில்லை.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். சின்னாத்தா என் கையைக் கிள்ளினாள். "சொல்லிராதடி! மாப்ள லோடு எடுக்க ஜீப்புல மலைக்குப் போயிருக்காரு, மழ வேற பேயுது" என்று காதைக் கடித்தாள். எனக்கும் அந்த வழுக்குப் பாதைதான் கண்ணுக்குள் வந்தது. ஆனால் வள்ளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "முத்துக்கருப்பன்!"

வள்ளி வாயிலிருந்து கையை எடுத்தாள். "முத்துக்கருப்பன்!" என்று அவளும் கத்தினாள்.

சாயங்காலம் வரை சின்னாத்தா வாசலை விட்டு நகரவில்லை. நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் ஜீப் வந்தது. இறங்கியவர் காலெல்லாம் அட்டைக்கடி. "பசிக்குது, வெரசா சோத்தப் போடு" என்றார். சின்னாத்தா விடுவாளா? "இந்தத் தடவ தப்பிச்சுட்டாரு" என்றாள்.

நாளைக்கு அவருக்கு ஒரு தலைவலி வந்தாலும் பழி என் மேல்தான் விழும். விழட்டும். மலைப்பாதையில் ஜீப் சறுக்கினால் அதற்கு மழை காரணமாக இருக்கும், என் வாய் காரணமாக இருக்காது.

வள்ளி என் முகத்திலிருந்து இன்னும் எத்தனையோ கற்பாள். இந்தப் பயத்தை மட்டும் இனி அங்கே பார்க்க மாட்டாள். உன்மேல் சத்தியம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பஸ்சில் உன் ஊருக்குக் கூட்டிப் போகிறேன். டிக்கெட்டை அவளே கேட்பாள், ஊர்ப் பேரைச் சொல்லி. கோபம் வந்தால் வரட்டும் ஆத்தா.

உனக்கு அடங்காமல் போன,
சிலமலைக்காரி மகள்