டீச்சர் அம்மாவின் கவனிப்பு நோட்டு

சேசு மரி சூசை துணை

கொடைக்கானல்,
12 மார்ச் 1961

அன்பு மகள் ஜோசப்பினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் என் முட்டிவலியும் இங்கே பிரியாமல் சுகமாக இருக்கிறோம். ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளை செபாஸ்டினும் சுகமென்று நானாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, நீ போட்ட கார்டில் மொத்தம் ஐந்து வரி, அதில் நாலு வரி பரீட்சைக்குப் படிக்கிறேனா என்ற விசாரணை.

கேட்க உனக்கு வாய் கூசவில்லையா? இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்துக் குழந்தை வகுப்பில் நான் ஆயா, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் மாட்டி, கால் கழுவி, தூங்கவைத்து வருகிறேன், இது ஊருக்கே தெரியும். திருச்சியில் இருக்கிற உன் மாமியாருக்கு மட்டும் நான் டீச்சர். கல்யாணத்துக்கு முன்னே நீ சொல்லிவைத்த அந்த ஒரு சொல், போன ஜூனில் சம்பந்தியம்மாள் போட்ட கடிதத்தின் உறைமேல் ‘டீச்சர் அடைக்கலமேரி அம்மாள்’ என்று எழுத்தாகவே வந்து நின்றது. தபால்காரர் நாச்சிமுத்து அதைச் சமையல்கட்டில் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்து, யாருங்க இந்த டீச்சரம்மா, நம்ம ஆயாவா என்று கேட்டார். சிரித்த சிரிப்பில் ரொட்டி கருகிப்போயிற்று. உள்ளே என்ன எழுதியிருந்தது தெரியுமா, வருகிற மே மாத சீசனுக்குக் குடும்பத்தோடு வருகிறார்களாம், நான் பாடம் நடத்துவதைப் பார்க்க வேண்டுமாம். பார்க்கட்டும். நீ ஒரு சொல்லில் முடித்த பொய்யை நிஜமாக்க நான் நாற்பத்தாறு வயதில் மூன்று புத்தகம் படிக்கிறேன். ஏப்ரல் எட்டாம் தேதி குழந்தை வகுப்பு டீச்சர் பரீட்சை, மே முதல் வாரம் முடிவு, தேறினால் அதே வகுப்பில் என்னை உதவி டீச்சராக வைப்பதாகத் தலைமையம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார்.

சனிக்கிழமைதோறும் செண்பகனூரில் வகுப்பு. விசாலாட்சி மிஸ் என்று மதராஸிலிருந்து வந்திருக்கிறாள், இருபத்து நாலு வயது, பிள்ளையைத் தூக்கி ஒரு நாள் இடுப்பு வலித்திருக்காது. குழந்தை அழுதால் என்ன செய்வது என்பதற்கு ஏழு படி சொல்லிக்கொடுத்தாள். ஏழு படியும் ஏறி முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை அழுது, பாலைக் கக்கி, தூங்கியே போய்விடும். பாட்டுப் பாடித் தவளை மாதிரி குதிக்க வேண்டும் என்கிறாள், நானும் குதித்தேன், எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுத்தார்கள். பாடக்குறிப்பில் ஒவ்வொன்றுக்கும் நோக்கம் எழுத வேண்டுமாம். பிள்ளைக்குக் கஞ்சி கொடுப்பதன் நோக்கம் பசி என்று எழுதினேன். சிவப்பு மையில் சுழித்து ‘தெளிவில்லை’ என்று போட்டுவிட்டாள். இதைவிடத் தெளிவாக எழுத யாரால் முடியும்? பாலசமுத்திரத்திலிருந்து கந்தம்மாள் என்றொரு பெண் வருகிறாள், புத்தகம் முழுக்க மனப்பாடம், பழகிப் பார்க்க மடியில் வைத்த ஒரு பிள்ளை ஈரம் பண்ணிவிட்டது என்று அலறிக்கொண்டு பெஞ்சிமேல் ஏறிவிட்டாள். அவளுக்கு எண்பது மார்க்கு, எனக்கு நாற்பத்தொன்று. நல்ல படிப்பு, நல்ல நியாயம்.

இப்போது புதிதாக ஒன்று கிளப்பியிருக்கிறாள், கவனிப்பு நோட்டு. நம் வீட்டுப் பிள்ளை ஒன்று மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில் என்ன விளையாடியது, எதற்குப் பயந்தது, என்ன கேள்வி கேட்டது, இதையெல்லாம் நம் கண்ணால் பார்த்தபடி பத்துப் பக்கம் எழுத வேண்டும். பிள்ளை வளர்ந்துவிட்டால் ஞாபகத்திலிருந்து எழுதலாம். நோட்டு இல்லாவிட்டால் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன், கல்யாணமாகாத குட்டிகளெல்லாம் முழிக்கட்டும், எனக்கு இது ஒரு சோலியா என்று.

உட்கார்ந்து எழுதினேன். நீ பிறந்த தேதி, ஞானஸ்நானம், அம்மை போட்டது, காது குத்தியது. ஒரு பக்கம் வந்தது. அதற்குமேல் பேனா ஓடவில்லை. என் வகுப்பில் இருந்த வெள்ளைக்கார மிஷன் பாதிரியார் மகன் டேவிட்டுக்குச் சட்டைப் பட்டனைக் கண்டால் பயம், அவன் ரொட்டியின் ஓரத்தை மட்டும்தான் தின்பான், நிலா எங்கே தூங்கும் என்று கேட்டான், இதெல்லாம் எனக்கு நேற்றுப் பார்த்ததுபோல் இருக்கிறது. அவனுக்கு இப்போது மீசை முளைத்திருக்கும். அவனும் நீயும் ஒரே வயது. உன் அப்பா உபகாரம் இறந்தபிறகு நான் வெள்ளனே போய்விடுவேன், நீ எழுந்திருக்கமாட்டாய். திரும்பி வரும்போது தூங்கிப்போயிருப்பாய். உன்னைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஜோசப்பின்.

போன ஞாயிறு பூசை முடிந்து பேத்துப்பாறைக்கே போனேன். அந்நாளில் பக்கத்து வீட்டில் இருந்து உன்னைப் பார்த்துக்கொண்ட ராக்காயி இப்போது அங்கே மகன் வீட்டில்தான் இருக்கிறாள். கேட்டேன். அது என்னத்த பண்ணும், உருளைக்கிழங்க வரிசையாப் படுக்கப்போட்டுத் துணியப் போத்தி, அழுவாத, அம்மா வெரசா வந்துருவா, அம்மா வெரசா வந்துருவான்னு ஒவ்வொண்ணுக்கா சொல்லிக்கிட்டே கெடக்கும் என்றாள். நான் காப்பி கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் அனுபவம் என்று அந்த விசாலாட்சி மிஸ்ஸிடம் என்ன பெருமை அடித்தேன் தெரியுமா.

ராக்காயி சொன்னதை நான் எழுதவில்லை. அது அவள் கண்ணால் பார்த்தது.

அங்கே வெயில் தொடங்கியிருக்கும், மோர் குடி, மாப்பிள்ளையை வெறும் வயிற்றோடு வேலைக்கு அனுப்பாதே. மாதாவின் காவல் உங்கள் இருவருக்கும் எப்போதும் இருக்கட்டும். மார்ச் முப்பதாம் தேதிக்குள் நோட்டைக் கொடுக்க வேண்டும், ஒன்பது பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. உனக்கு நினைவிருக்கிறதை எழுதி அனுப்பு, என் கையெழுத்தில் எழுதிக்கொள்கிறேன். பயந்திருந்தால் அதையும் எழுது. நான் கோபிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அடைக்கலமேரி