மாவுத் தொட்டியும் இரண்டு குழாய்களும்

ஜூலை 10, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். மின்விசிறி துடைத்தேன். ரத்த அழுத்த மாத்திரை நாளையோடு தீர்கிறது.

செவ்வாயன்று மாமல்லபுரம் கடற்கரை டிபன் கடைகளுக்குப் போன இட்லி மாவில் பாதி திரும்பி வந்துவிட்டது, புளித்து. வீட்டுக்காரி வசந்தா பாக்கெட்டுகளை எண்ணக்கூட இல்லை. அப்படியே சாக்கில் போட்டாள். அரைக்கிற தேவி மேல்தான் கோபம்.

"கை சரியில்ல அவளுக்கு. சனிக்கெழமையோட நின்னுக்கச் சொல்லப் போறேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது. தேவி நன்றாகத்தான் அரைக்கிறாள். எங்கள் வீட்டு இட்லியும் அதே மாவுதான்.

ஜூலை 11, வெள்ளி

மாத்திரை வாங்கியாயிற்று. திருக்கழுக்குன்றம் முழுக்கக் கூட்டம், பிரதோஷமோ என்னவோ. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

மாவு எடுத்துப் போகும் ஆட்டோ ஏழுமலையிடம் மெல்ல விசாரித்தேன். ஞாயிறு மாவு தீர்ந்துபோனால், திங்களன்று கடைக்காரர்கள் இரண்டு பங்கு கேட்கிறார்களாம். விற்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம், அவர்களுக்கு நஷ்டம் இல்லை. திங்கள் அரிசி ஊறி, மாலை அரைத்து, செவ்வாய் போய்ச் சேரும்போது கடற்கரையில் ஆளே இல்லை.

மதியம் தூங்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினியில் போட்டுப் பார்த்தேன். சிஸ்டம் டைனமிக்ஸ். ஆலையில் இருந்தபோது ஒரு பயிற்சியில் படித்தது. தொட்டி ஒன்று, வரும் குழாய், போகும் குழாய், நடுவில் தாமதம். தொட்டியில் தண்ணீருக்குப் பதில் மாவு. குழாயைத் திறப்பதும் மூடுவதும் வசந்தாவின் கை. கடை இரண்டு பங்கு கேட்டால் திறக்கிறாள். திரும்பி வந்தால் பயந்து மூடுகிறாள். அதனால் ஞாயிறு மறுபடி பற்றாக்குறை.

ஓடவிட்டேன். கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி. நம் வீட்டு வாரம் அப்படியே.

தேவியை நான் அதில் சேர்க்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

தப்பாகவும் இருக்கலாம். வேலைக்காலம் முழுக்க ஆலைத் தொட்டிகளில் நீர்மட்டம் பார்த்தவன். மாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தவிர, சொன்னால் வ. மேல் பழி போடுவதுபோல் ஆகிவிடும்.

ஜூலை 12, சனி

காலை தூறல். நின்றுவிட்டது.

தேவி வந்துவிட்டாள். வ. முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பேசாமல் கிரைண்டரைக் கழுவினாள். வ. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாய் திறக்கப் போனாள். இருமினேன். படத்தைக் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தேன். உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னாங்க இது, தண்ணி டேங்க்கா?"

"நம்ம மாவு."

விளக்கினேன். வ. குனிந்து பார்த்தாள்.

"தேவி எங்க கீறா இதுல?"

"இல்ல. அவ இல்லாமலே புளிக்குது."

"அப்ப நானு?"

குழாய்மேல் இருந்த கையைக் காட்டினேன். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே தேவி கிரைண்டர் கழுவும் சத்தம். சாப்பாடு கிடைக்காது என்று நினைத்தேன்.

"கை மட்டும் தானா? மூஞ்சி வரையத் தெரியாதா உங்களுக்கு?"

வெளியே போய் தேவியிடம், ஞாயிறு மாவுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக அரிசி ஊறப் போடச் சொன்னாள். தேவி என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

நேற்று மாவு பற்றவில்லை என்று யாரும் கூப்பிடவில்லை. இன்று இரண்டு கடை மட்டும் பழக்க தோஷத்தில் இரண்டு பங்கு கேட்டது. வ. போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். போனில் சொன்னாள்:

"எப்பவும் குடுக்கறதுதாண்ணா. தீந்துச்சுன்னா மறுநாளே ஏழுமலைய அனுப்பறேன்."

கால் வலி. வெந்நீர் ஒத்தடம், வ. கொடுத்தது.

ஜூலை 17, வியாழன்

நல்ல காற்று. மொட்டைமாடிக் குழாய் ஒழுகுகிறது, ஆள் கூப்பிட வேண்டும்.

இந்தச் செவ்வாய் மாவில் திரும்பி வந்தது சில பாக்கெட்டுகள்தான். அதிலும் பாதி புளிக்கவில்லை. ஒரு வாரம் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. மழை வந்தால் என்ன ஆகும்? பள்ளி விடுமுறை? படத்தில் இரண்டும் இல்லை. தேவிக்கும் எனக்கும் புளித்த மாவில் தோசை. வ. தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றுக்கு மேல் நானும் மறுக்கவில்லை.

தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன். ஃபிரிட்ஜ் கதவில் நான் வரைந்த தொட்டிப் படம். குழாயைத் திறக்கும் கைக்கு மேலே முகம் வரைந்து, பெரிய பொட்டு வைத்திருக்கிறாள். பக்கத்தில் இன்னொரு முகம், கண்ணாடி போட்டது. வாய் போடாமல் விட்டிருந்து, அப்புறம் வேறு பேனாவால் போட்டிருக்கிறாள். சின்னதாக.