பசு அல்ல, ஆவுளியா

அன்புள்ள மகளுக்கு,

ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் நீ கச்சேரியைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனது ஏன் என்று கேட்கமாட்டேன். கூட்டத்தில் எழுந்த சிரிப்பு உன் இசைக்கு அல்ல. உனக்குப் பின்னால் திரையில் ஓடிய கடல் படத்தில் அந்தப் பாலூட்டிக்குக் "கடற்பசு" என்று எழுதிக் கொடுத்தவள் நான். "பால் கறக்குமா டீச்சர்?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

நீ போன பிறகு மீனவர் வெற்றிசெல்வன் வந்தார்.

"அது ஆவுளியால்ல? பசுன்னா எங்களுக்கு எப்புடிங்க தெரியும்? போன மாசம் எங்க வலையில ஒரு குட்டி மாட்டிச் செத்துச்சு. பாப்பா குழல்ல ஊதுச்சே, அதே மாதிரிதான் கடைசியா மூச்சு விட்டுச்சு. இனிமே மாட்டுனா வலைய அறுத்து விட்ருவேன்."

இருபது வருடமாக மீனவர் கூட்டங்களில் கடல் உயிர்களைப் பற்றிப் புள்ளிவிவரம் சொல்கிறேன். ஒருவர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

படத்தில் பெயரைத் திருத்திவிட்டேன். வரும் ஞாயிறு மாலை அதே இடத்தில் கச்சேரியை மறுபடியும் நடத்த அனுமதியும் வாங்கிவிட்டேன். வெற்றிசெல்வன் மற்ற படகுக்காரர்களையும் அழைத்து வருகிறார். பாட்டால் கடல் பிழைக்குமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் நடத்துவேன்.

நீ வராவிட்டால் ஊமைப்படமாகவே ஓட்டுவேன். வந்தால், இந்த முறை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

அம்மா