பேரை வெட்டச் சொன்னேன்

போடிநாயக்கனூர்
4-11-79

அன்பு மகள் சோலையம்மாளுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நல்லபடியாக இருக்கிறோம், உன் அப்பாவின் முட்டி மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. சிதம்பரத்துச் சாப்பாடும் தண்ணீரும் உனக்கு ஒத்துக்கொண்டு நீ சுகமாக இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். இனி விஷயத்துக்கு வருகிறேன், கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

பி.எட். படிப்பை விட்டுவிட்டு மலைக்கு ஏலக்காய் எடுக்க வருகிறேன் என்று நீ போட்ட கடிதம் கிடைத்தது. கருத்தம்மாள் சித்தி உனக்கு எழுதியது உண்மைதான். அப்பா ஓடையில் விழுந்து முட்டி போனதும் கங்காணி கன்னையன் வந்து, ரெண்டு பேராவது வேலைக்கு வர்ற குடும்பத்துக்குத்தான் எஸ்டேட் லயத்துல வீடு, உங்க மக பேரு செக்ரோல்ல சும்மா கிடக்கு, வெரசா வரச் சொல்லுங்க, இல்லேன்னா காலி பண்ணுங்க என்றான். அந்தப் பேரைக் கொடுத்தது நான்தான். நீ வயசுக்கு வந்து சடங்கு முடிந்த மறுநாளே, லயத்தில் எல்லோரும் செய்கிற மாதிரி, புதுத் தாவணியோடு உன்னை எஸ்டேட் ஆபீசுக்குக் கூட்டிப்போய் அந்தச் செக்ரோல் ஆள் பட்டியலில் பதிந்தேன், பெருமையாக வேறு இருந்தது. போடியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாலும் லீவுக்கு லீவு வந்து தரையோடு குனிந்து ஏலக்காய் எடுத்தாய், அட்டை கடித்த காலோடு பரீட்சைக்குப் போனாய். அது என் தப்பு, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உன் கடிதத்தை நான் மூன்று தரம் எழுத்துக்கூட்டிப் படித்தேன் சோலை. முதல் பக்கம் பூராவும் நீ கணக்குப் பாடம் நடத்தப் போன பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தது, கரும்பலகையில் எழுதும்போது உன் கை நடுங்கியது, உன் மலைப் பேச்சை ஒருத்தி பழித்துக் காட்டியது, மேற்பார்வைக்கு வந்த டீச்சரம்மா உன் நோட்டில் சிவப்பு மையால் கிறுக்கியது. வீட்டுக் கஷ்டம் கடைசி நாலு வரியில் இருக்கிறது. எங்களைச் சாக்கு வைத்து ஓடி வரப் பார்க்காதே.

அதனால் திங்கட்கிழமை நானே ஆபீசுக்குப் போய் உன் பேரை வெட்டச் சொன்னேன், என் பேரையும் சேர்த்து. ஒருதரம் வெட்டுனா மறுபடி ஏத்த மாட்டாக, யோசிச்சுக்கோ ஆத்தா என்றார் கணக்கப்பிள்ளை. யோசிச்சுட்டுத்தான் வந்தேன், என் கண்ணு முன்னாடி வெட்டுங்க என்றேன். அவர் கோடு போட்டதைப் பார்த்த பிறகுதான் படி இறங்கினேன். மறுநாள் சட்டிபானையெல்லாம் ஜீப்பில் லோடு ஏற்றி, உன் அப்பாவை முன்சீட்டில் துரை மாதிரி உட்காரவைத்து, போடிமெட்டு வழியாக வந்து சேர்ந்தோம். சித்தி தெருவில் ஒரு ரூம் பிடித்திருக்கிறோம், இருவரும் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கப் போகிறோம். பச்சைக் காயையும் வெடித்த காயையும் பொறுக்கித் தனியே போட வேண்டும். இருபது பொம்பளைகளுக்கு நடுவில் உன் அப்பா ஒருத்தர்தான் ஆம்பளை. தெருவில் கேலி பேசுகிறார்கள், பேசட்டும், காலை நீட்டி உட்கார்ந்து செய்கிற சோலி அவருக்கு ஆகிறது, வாயாடவும் ஆள் கிடைத்திருக்கிறது.

நீ நாளைக்கே அந்த வகுப்புக்குப் போ, சிரிக்கிறவர்களை முன்வரிசைக்குக் கூப்பிடு. பேச்சை மாற்றாதே, நம்ம பேச்சில் சொன்னால் கணக்கு தப்பாகிவிடுமா. எடுத்த காய்க்கு எடை குறைத்துப் போட்டான் என்று பதினாறு வயசில் அத்தனை பேர் முன்னால் கங்காணியிடம் மல்லுக்கு நின்றவள் நீ, அன்றைக்கு உன் கை நடுங்கவில்லை. தலைக்கு எண்ணெய் வை, பட்டினி கிடக்காதே. ஓடி வருவதற்கு உனக்கு ஒரு இடம் இருந்தது, அதை நான் அடைத்துவிட்டேன். பெற்றவள் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம்.

நீ டீச்சராகி நல்லபடியாக வாழ அம்மா அப்பாவின் ஆசீர்வாதம். பதில் போட மறக்காதே. அழுது எழுதினாலும் சரி, என்னைத் திட்டி எழுதினாலும் சரி, விடுதியில் இருந்தே எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
சீ. மாயக்காள்