டிக் போடாத ஏழாவது பலகை

ஏப்ரல் 9, 1997 – புதன்

வெண்டல் இன்றும் ஜெயித்துவிட்டான். முந்நூறுக்கு இருநூற்று எண்பத்தொன்பது. நான் இருநூற்று எழுபத்து நான்கு. கிளப் செயலாளர் ஹார்லன் மதிப்பெண் தாளைச் சுவரில் மாட்டிக்கொண்டே, "ரெண்டுமே உன் கையால அடைச்ச தோட்டாதானே லோர்னா, எப்படிப் பாத்தாலும் நீதான் ஜெயிச்ச" என்றான். ஆறுதலாம்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். வெண்டலுக்குப் பெண்டாட்டி போய்விட்டாள், நெய் மட்டும் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் நான் கராஜில் குனிந்து உட்கார்ந்து, காலிப் பித்தளைக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா அடைத்தேன், அவன் நிமிர்ந்து நின்று சுட்டுக் கோப்பை வாங்கினான். விவாகரத்தில் நீதிபதி ரிவால்வரையும் அடைத்து வைத்திருந்த அறுநூறு தோட்டாவையும் அவனுக்குக் கொடுத்தார். தோட்டா அடைக்கும் பிரஸ்ஸும் மருந்து நிறுக்கும் தராசும் எனக்கு.

ஒருவர் அடைத்த தோட்டாவை இன்னொருவர் சுடுவதில்லை. இந்த மான்டானாவில் அது பல் துலக்கும் பிரஷ் மாதிரி. புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் விலக்கு. இப்போது அந்த விலக்கும் கிடையாது, அவனுக்கு வெட்கமும் கிடையாது.

ஏப்ரல் 12 – சனி

ஸ்கூல் பஸ் ஓட்டாத நாள். காலையில் எனக்காக முழு மருந்துத் தோட்டா ஐம்பது அடைக்க உட்கார்ந்தேன். எந்த மருந்து எந்தக் குண்டுக்கு என்று பார்க்க, போன வருஷத்து நோட்டைப் புரட்டினேன். புரட்டாமல் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 19. ஏழாவது பலகை. ஐம்பது கூடு. மருந்து குறைந்த மென் தோட்டா. கடைசிக் கட்டத்தில் டிக் இல்லை.

ஒவ்வொரு பலகையிலும் ஐம்பது கூட்டை நிறுத்தி மருந்து ஊற்றியதும் டார்ச் அடித்து ஐம்பது கூட்டுக்குள்ளும் பார்ப்பேன். பார்த்தால்தான் டிக். இருபத்திரண்டு வருஷத்தில் டிக் இல்லாத பலகை இது ஒன்றுதான்.

அந்த நாள் ஞாபகம் இல்லாமல் என்ன. மருந்து ஊற்றாத கூடு தலைகீழாக நிற்கும், ஊற்றியதை நிமிர்த்தி வைப்பேன். பாதிப் பலகையில் வெண்டல் கராஜுக்குள் வந்து, ட்ரூடியோடு போகிறேன் என்றான். எழுந்தேன். முழங்கால் மேஜையில் இடித்து ஏழெட்டுக் கூடு உருண்டது. நடுவில் யாராவது குறுக்கிட்டால் அத்தனையையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அதுதான் முறை. நான் கொட்டவில்லை. அவன் பார்த்துக்கொண்டு நின்றான். என் கை நடுங்கவில்லை என்று அவனுக்குக் காட்டவேண்டியிருந்தது. உருண்டதை எடுத்து நிறுத்தி, எங்கே விட்டேன் என்று பார்க்காமல் மேலே ஊற்றிக்கொண்டே போனேன்.

எந்தக் கூட்டில் ஊற்றினேன், எந்தக் கூட்டில் இரண்டு தடவை ஊற்றினேன்?

முழு மருந்தில் இந்தத் தப்பு நடக்காது. மருந்து கழுத்துவரை நிற்கும், மறுபடி ஊற்றினால் மேஜையில் கொட்டும். மென் தோட்டாதான் கள்ளப்பூனை. அடியில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். இரண்டு சிட்டிகை விழுந்தாலும் சாதுவாக உட்கார்ந்திருக்கும். சுடுகிறவன் கையில் ரிவால்வர் பிளக்கும்போதுதான் தெரியும்.

ஏப்ரல் 13 – ஞாயிறு

வெண்டலுக்குப் போன் செய்தேன். அந்த ஏழாவது பலகைத் தோட்டா ஏழாம் நம்பர் டப்பாவில் அவனிடம்தான் இருக்கிறது. விவாகரத்துக்குப் பிறகு முதல் தடவை.

"ஏழாம் நம்பர் டப்பாவைச் சுடாத. அதுல ரெட்டை மருந்து இருக்கலாம்."

சிரித்தான். "அதுல பதினெட்டு சுட்டுட்டேன் லோர்னா. எல்லாம் ஒரே ஓட்டையில போய் விழுது. மிச்ச முப்பத்திரண்டையும் மே பத்து மாவட்டப் போட்டிக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்."

"முழுத் தோட்டாவை எடை போட்டெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. பித்தளைக் கூடே ஒண்ணுக்கொண்ணு அதைவிட வித்தியாசப்படும். பிரிச்சுத்தான் பாக்கணும்."

"நான் ஜெயிக்கிறது பொறுக்கல உனக்கு. அதுக்கு இப்படி ஒரு கதை."

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னேன். அதற்குள் வைத்துவிட்டான்.

ஏப்ரல் 16 – புதன்

ஹார்லனிடம் சொன்னேன். எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த இடத்தில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னால் வெண்டலைத் தடுக்க மாட்டான் என்று தெரியும்.

"நீயா?" என்றான் ஹார்லன். "நீ ரெட்டை மருந்து போட்டியா?"

"போட்டிருக்கலாம்னு சொல்றேன்."

ஒருத்தன் கோப்பையைக் கீழே வைத்தான். வெண்டல் மூலையிலிருந்து, "வயித்தெரிச்சல், வேற ஒண்ணுமில்ல" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஹார்லன் என் தோளைத் தட்டி, "குடும்பச் சண்டையைச் சுடுற இடத்துக்குக் கொண்டுவராத லோர்னா" என்றான். குடும்பமா! எந்தக் குடும்பம்?

வாயைத் திறந்து நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். பலன் பூஜ்யம்.

ஏப்ரல் 20 – ஞாயிறு

சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. கை போனால் அவன் கை. கண் போனால் அவன் கண்.

இதை எழுதிவிட்டு மறுபடி படித்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 22 – செவ்வாய்

பஸ்ஸைத் திருப்பும்போது தபால்பெட்டி ஒன்றை இடித்துவிட்டேன். பதினோரு வருஷத்தில் முதல் இடி.

ஏப்ரல் 24 – வியாழன்

பள்ளி விட்டு வந்து பார்த்தால் வாசலில் ட்ரூடியின் கார். அவள் கையில் சாப்பாட்டுப் பை. உள்ளே ஏழாம் நம்பர் டப்பா. மூடியில் என் கையெழுத்து.

"அவருக்குத் தெரியாது" என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை, அவளே வந்தாள்.

"அவன் மேல அவ்வளவு அக்கறையா?"

"அக்கறை இருக்கு. ஆனா அதுக்கு வரல. நீங்க பொய் சொல்றீங்கன்னு காட்டத்தான் வந்தேன். என் எதிர்ல பிரிங்க. ஒண்ணும் இல்லைன்னா கிளப்புல எல்லார் முன்னாடியும் சொல்லுவேன்."

அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பிரிக்கிற வேலை சத்தமான வேலை. பிளாஸ்டிக் சுத்தியலின் தலைக்குள் தோட்டாவைச் செருகி மரக்கட்டையில் ஓங்கி அடித்தால், குண்டும் மருந்தும் கழன்று சுத்தியலின் வயிற்றில் விழும். நான் அடித்தேன். அவள் மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டி எடை சொன்னாள். கார் ஓட்டி வந்த கையுறையைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. பத்து, பதினைந்து, இருபது. எல்லாம் ஒரே எடை. அவள் முகத்தில் சிரிப்பு ஏற ஆரம்பித்தது. எனக்கும் நிம்மதிதான். அன்றைக்கும் என் கை தவறவில்லையோ என்று ஒரு திமிர்.

இருபத்தாறாவதைக் கொட்டினாள். தராசு முள்ளைத் தட்டிப் பார்த்தாள்.

"இது சரியாத்தான் காட்டுதா?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். நேர் இரண்டு மடங்கு.

கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். தட்டில் கிடந்ததை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கட்டைவிரல் நகத்தில் அடங்கிவிடும், அவ்வளவுதான்.

"நீங்க எப்படி இதைச் செய்யலாம்?" என்றாள்.

"உன் பேரைக் கேட்டப்பதான் செஞ்சேன்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். உண்மைதான், ஆனால் தப்பு அவள் பெயரில் இல்லை. என் கையில் இருந்தது.

மிச்சம் ஆறையும் பிரித்தோம். அவை சரியாக இருந்தன.

ஏப்ரல் 27 – ஞாயிறு

ட்ரூடி சொல்லியிருக்கிறாள். வெண்டல் போனில் கத்தினான். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். "சுத்தியலும் உன்னுது, தராசும் உன்னுது, மருந்தும் உன்கிட்ட இருக்கு. நீயே ஒரு சிட்டிகை சேத்திருப்ப."

"தட்டில கொட்டினது ட்ரூடி."

"அவளுக்கு இதைப் பத்தி என்ன தெரியும்? அவளையும் மயக்கிட்ட."

என்னைத் திருடி என்றும் சொன்னான். இருபத்திரண்டு வருஷத்தில் சொல்லாத ஒரே வார்த்தை, அதுவும் வந்தாயிற்று. மற்ற டப்பாக்களையும் சுட மாட்டானாம், என் பெயர் இருக்கிற எதையும் தொட மாட்டானாம். தொடாமல் இரு சாமி, அதைத்தானே கேட்டேன்.

நோட்டில் ஏழாவது பலகைக்கு நேராக எழுதினேன்: 'ஒன்று இரட்டை. தவறு என்னுடையது.' மையில் எழுதினேன்.

மே 10 – சனி

மாவட்டப் போட்டி. வெண்டல் கடையில் வாங்கிய தோட்டாவோடு வந்தான். ஆறாவது இடம். வந்தவர் போனவரிடமெல்லாம், "அவ அடைச்ச தோட்டாவை நம்பிக் கெட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மறுக்க முடியுமா? பாதி உண்மை.

நான் நின்ற இடத்துக்கு இரண்டு பக்கமும் காலி. யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. ஹார்லன் என் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மூடினான். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே ஆள்தான் எந்த மருந்து வாங்கலாம் என்று என்னைக் கேட்டவன்.

ட்ரூடி பின் பெஞ்சில் இருந்தாள். வாயே திறக்கவில்லை. திறப்பாள் என்று நான் ஏன் எதிர்பார்த்தேன்? எரிச்சலில் கடைசிப் பத்துக் குண்டும் இடப்பக்கம் போயின.

மே 21 – புதன்

கிளப்புக்குப் போகவில்லை. இரண்டாவது வாரம்.

மளிகைக் கடைக்குப் போனேன். வெண்டல் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தான். நான் பார்ப்பது தெரிந்தும் திரும்பவில்லை. இரண்டு கையாலும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, அழுகலை ஒதுக்கி, நல்லதைப் பையில் போட்டான். எந்த வேலையிலும் இவ்வளவு நிதானமாக அவனைப் பார்த்ததில்லை. சனியன்.

தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்று அவன் விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன. வெங்காயம் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.